பனிக்குப் பயந்த பலா

மரங்கள் வாய் திறந்து பேசிய காலம் அது. பேசியதோடு நிற்கவில்லை, கன்றாக இருக்கும்வரை அவை நடக்கவும் செய்தன. ஓடையைக் கடக்கும் பெண்கள் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்வதுபோல, வேர்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தமக்குப் பிடித்த இடம் தேடி மலை ஏறும், மலை இறங்கும். ஒரு குழிக்குள் இறங்கி வேரை விரித்துவிட்டால் அதோடு நடை முடிந்தது. அதனால் குழிக்குள் இறங்கும் முன் மரங்கள் நன்றாக யோசித்தன. மரங்களைக் கூப்பிடும் முன் மனிதர்களும் நன்றாக யோசித்தார்கள்.

அந்தக் காலத்துப் பலாவைக் கொண்டுவந்து இன்று நம் முன் நிறுத்தினால் யாருக்கும் அடையாளம் தெரியாது. அதன் காய்கள் மாங்காயைப் போலக் கிளை நுனிகளில் ஆடின. தோல் பூசணிக்காய் போல வழவழவென்று இருந்தது.

மலையின் இடுப்பில் இடைவளவு என்று ஓர் ஊர் இருந்தது. மேலே ஏறினால் குளிர், கீழே இறங்கினால் புழுக்கம், இடைவளவில் மட்டும் வருஷம் முழுக்க இதமான வெயில். எது வைத்தாலும் வளரும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் சில வருஷங்களில் மார்கழி முடியும் சமயத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ உறைபனி இறங்கிவிடும். விடிந்து பார்த்தால் புல்வெளி உப்புத் தூவியதுபோல் இருக்கும். வெயில் ஏறியதும் உப்பு கரையும். அதற்கு அடியில் இருந்த இலையெல்லாம் வெந்த கீரையாகக் கறுத்துக் கிடக்கும். ஒவ்வொரு வருஷமும் வந்தால் தயாராக இருக்கலாம். வராமலே இருந்தால் மறந்துவிடலாம். எப்போதாவது வருவதுதான் இடைவளவின் தொல்லை.

அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆனவர்கள் ஆடி மாதத்தில் காட்டோரம் ஒரு துண்டு நிலத்தைத் திருத்தி அதில் மூன்று வகையில் மூன்று மரம் வைக்க வேண்டும். மூன்று வருஷம் கழித்து வரும் ஆடி முடிவதற்குள் ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஊரின் நாற்பது வீட்டுக்கும் பழம் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் நிலம் அவர்களுடையது, அங்கே வீடு கட்டிக்கொள்ளலாம். ஒரு மரம் தவறினாலும் நிலம் காட்டுக்குப் போய்விடும், அவர்கள் பழையபடி கூட்டு வீட்டுக்கே திரும்ப வேண்டும். இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. மூன்று வருஷத்தில் மரம் காய்க்குமா என்று கேட்காதீர்கள். நடந்து திரிந்த மரங்களுக்கு எல்லாவற்றிலும் அவசரம்தான்.

வெள்ளாயிக்கு அந்த நிலம் வேண்டும். மலையடிவாரத்திலிருந்து இடைவளவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண் அவள். புருஷன் பெயர் செம்பன். கூட்டு வீட்டில் பதினான்கு பேர், ஓர் அடுப்பு. கடைசியாக வந்த மருமகள் என்பதால் படுக்கக் கிடைத்தது கதவோரம். சமைக்க முறை வருவது எட்டு நாளைக்கு ஒருமுறை. அவள் அதிகம் பேசமாட்டாள். ஆனால் தனக்கென்று ஓர் அடுப்பு மூட்டி, தனக்குப் பிடித்த அளவில் புளி கரைத்து, ஒரு குழம்பு வைக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்குள் கனன்றுகொண்டே இருந்தது.

அவளுடைய ஓரகத்தி நல்லாயி. செம்பனின் அண்ணன் மனைவி. ஆறு வருஷத்துக்கு முன் நல்லாயியும் மூன்று மரம் வைத்தவள்தான். மா, வாழை, பப்பாளி. கடைசி மார்கழியில் பனி வந்து மூன்றையும் ஒரே காலையில் வேகவைத்துவிட்டுப் போயிற்று. அன்றிலிருந்து அவள் கூட்டு வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். யார் மரம் வைத்தாலும் வேடிக்கை பார்க்க முதலில் வருவாள்.

அந்த ஆடியில் செம்பன் நிலத்தைத் திருத்திக் குடிசை ஒன்று போட்டதும் செய்தி பரவியது. கன்றுகள் வேரைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றன. வெள்ளாயி ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். எல்லாக் கன்றுகளிடமும் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"பனி விழுந்தா என்ன பண்ணுவே?"

மாங்கன்று சிரித்தது. "பனியா? எங்க பக்கம் அதெல்லாம் கிடையாதே. தை பொறந்தா நான் உடம்பு பூராவும் பூவா நிப்பேன். வந்து பாருங்க, அசந்துடுவீங்க."

"நாங்க வந்து பார்த்தாச்சு, அசந்தும் போயாச்சு" என்றாள் பின்னால் நின்ற நல்லாயி.

"உன்மேல குத்தம் இல்லை" என்று வெள்ளாயி மாங்கன்றிடம் சொன்னாள். "உன் பூவும் எங்க ஊர்ப் பனியும் ஒரே சமயத்துல வருது. கீழேயே இரு. பழுத்தா நான் வந்து சாப்பிடுறேன்."

வாழைக்கன்றுக்குக் கவலையே இல்லை. "கருகிப்போவேன். அப்புறம் அடியிலேருந்து மறுபடி முளைப்பேன். எனக்கு ஒண்ணும் ஆகாது."

"குலை?"

"குலை போயிடும்" என்றது வாழை மகிழ்ச்சியாக.

மலைமேலிருந்து இறங்கி வந்த பேரிக்காய்க் கன்று, நின்றபடியே கொட்டாவி விட்டது. "பனின்னா எனக்குப் பாய் விரிச்ச மாதிரி. இலையெல்லாம் உதிர்த்துட்டுத் தூங்கிடுவேன். ஆனா ஒண்ணு, கொஞ்சமாச்சும் குளிர் வேணும். தூங்காட்டி எனக்குப் பூக்க வராது."

ஆரஞ்சுக் கன்று சுறுசுறுப்பாக முன்னால் வந்தது. "கார்த்திகையிலேயே நான் பழுத்துடுவேன். பனிக்கு முன்னாடி பறிச்சிட்டா என் பாரம் எறங்கிடும். இலையைச் சுருட்டிக்கிட்டு நிப்பேன். ரெண்டு நாள்தானே?"

கடைசியாக, எல்லாருக்கும் பின்னால், ஒரு பலாக்கன்று நின்றது. கேள்வி தன்னிடம் வரும்வரை அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியலை."

"தெரியலையா?"

"பனியை நான் பார்த்ததில்லை. பேரைக் கேட்டாலே நடுங்குது. ஓடிப்போகத்தான் தோணும். குழியில எறங்கிட்டா ஓடவும் முடியாது."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். வாழைகூடச் சிரித்தது.

"அப்ப எதுக்கு மலை ஏறி வந்தே?" என்று கேட்டான் செம்பன்.

"கீழே எங்க கூட்டம் பெருத்துப்போச்சு. ஒருத்தர் நிழல் ஒருத்தர்மேல. வெயிலைப் பார்த்து மாசம் ஆகுது. இங்கே நல்ல வெயில்னு சொன்னாங்க. பனியைப் பத்தி யாரும் சொல்லலை."

வெள்ளாயி இடைவளவுக்கு வாழ்க்கைப்பட்டபோது அவளிடமும் நல்ல வெயில் என்றுதான் சொன்னார்கள். பனியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவள் பாறையிலிருந்து இறங்கினாள்.

"பேரி, ஆரஞ்சு, பலா" என்றாள்.

செம்பன் அவளைத் தனியாக அழைத்துப் போனான். "யோசிச்சுத்தான் சொல்றியா? கொய்யா நிக்குது பாரு. மூணு வருஷம் காத்திருந்து எங்க அண்ணி தோத்த மாதிரியே நாமளும் தோக்கப்போறோம்."

"மாமா, ஊர்ல எத்தனை வீடு?"

"நாப்பது."

"ஒரு கொய்யாவை எத்தனை வீட்டுக்குப் பங்கு வைப்பீங்க? ஒரு பலாவைப் பிளந்தா பத்து வீட்டுக்குச் சுளை போகும். பனி வந்து மத்ததெல்லாம் போனாலும் நாலே நாலு காய் தப்பினாப் போதும். நாலு காயை நாம காப்பாத்த மாட்டோமா?"

செம்பன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். கணக்குச் சரியாக வந்தது. மண்வெட்டியை எடுக்கப் போனான்.

குழி எங்கே தோண்டுவது என்பதில் அடுத்த தகராறு வந்தது. நிலத்தின் கீழ்ப்பக்கம் ஒரு பள்ளம். அங்கே மண் கறுப்பாக, வெண்ணெய் மாதிரி இருந்தது. பயந்த பிள்ளைக்கு நல்ல இடம் கொடுக்கலாம் என்று செம்பன் பலாவுக்கு அங்கே குழி வெட்டப் போனான். அவர்களுடைய ஆடு நரைச்சி பாறைமேல் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. மரம் பேசிய காலத்தில் ஆடும் பேசும்.

"அங்கேயா?" என்றது நரைச்சி. "நான் ஒரு நாள் அந்தப் பள்ளத்துல படுத்திருந்தேன். விடியறதுக்குள்ள காது மரத்துப்போச்சு. குளிரும் தண்ணி மாதிரிதான், கீழே பார்த்துத்தான் ஓடும். நான் ஏன் இந்தப் பாறையை விட்டு எறங்க மாட்டேங்கிறேன்னு நீ கேட்டதே இல்லையே."

வெள்ளாயி பாறையைத் தொட்டுப் பார்த்தாள். பொழுது சாய்ந்த பிறகும் அது சுடுசோற்றுப் பானை மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. பலாவைப் பாறையை ஒட்டிய சரிவில் இறக்கினார்கள். குளிர் கேட்ட பேரிக்குப் பள்ளம் போயிற்று. ஆரஞ்சு நடுவில் நின்றுகொண்டது. நரைச்சிக்குத்தான் வருத்தம், பாறையில் பாதி இடம் பலாவின் நிழலுக்குப் போய்விட்டதே என்று.

முதல் மார்கழியில் பனி வரவில்லை. இரண்டாவது மார்கழியிலும் வரவில்லை. பலா கிடுகிடுவென்று வளர்ந்து பாறைக்கு மேலே தலையைத் தூக்கியது. பேரியின் பாடுதான் திண்டாட்டம். "கண்ணு மூடவே மாட்டேங்குது, தாயீ" என்று புலம்பிப் புலம்பி, பாதி இலை உதிர்ந்தும் பாதி உதிராமலும், நாலு பூ மட்டும் பூத்துவிட்டு நின்றது.

"பனியைக் காணோம், பனிக்காக ஒரு மரம். இன்னொரு மரம் அதுக்குப் பயந்த மரம்" என்று நல்லாயி வேலியோரம் நின்று சொல்லிவிட்டுப் போவாள்.

மூன்றாவது வருஷம் கார்த்திகையில் ஆரஞ்சு காய்த்துப் பழுத்தது. நாற்பது வீட்டுக்கும் கூடையில் போய்ச் சேர்ந்தது. ஒரு மரம் முடிந்தது. அதே சமயத்தில் பலாவின் கிளை நுனிகளில் பன்னிரண்டு பிஞ்சுகள் விட்டிருந்தன. ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு, பச்சைப் பசேலென்று, வழவழவென்று. பலாவுக்கு வாய் கொள்ளாத பெருமை. பிள்ளைகள் கேட்டதெல்லாம் கொடுத்தது. ஒன்றைக்கூட இதுவரை கடிந்து பேசியதில்லை.

மார்கழி இருபத்தாறாம் நாள் மத்தியானம் காற்று நின்றுபோயிற்று. வானத்தில் ஒரு மேகத் துணுக்குக்கூட இல்லை. மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்ட நரைச்சி நாலு அடி போய்விட்டுத் திரும்பி வந்து பாறையை ஒட்டிப் படுத்தது.

"என்ன, மேயலையா?" என்றாள் வெள்ளாயி.

"மூக்கு நுனி குத்துது. இன்னிக்கு நான் நகர மாட்டேன். என்னை எழுப்பாதே."

வெள்ளாயி குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு ஓடினாள். பலாவைச் சுற்றிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

செம்பன் திகைத்தான். "குளிருக்குத் தண்ணியா? அதையும் நடுங்கவெச்சு நீயும் நடுங்கப் போறியா?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி பனி விழுந்தப்ப ஓடைக்கரையில ஈர மண்ணு பக்கத்துல இருந்த புல்லு மட்டும் பச்சையா இருந்துச்சாம். நல்லாயி அக்கா ஒரு நாள் தானாப் பேசிக்கிட்டு இருந்தாங்க, கேட்டுக்கிட்டேன். காஞ்ச மண்ணு சூட்டைச் சீக்கிரம் விட்டுடுது மாமா. ஈர மண்ணு பிடிச்சு வெச்சுக்குது. நீங்களும் ஒரு குடம் எடுங்க."

தண்ணீர் ஊற்றி முடிந்ததும் அவள் குடிசையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஏணியைச் சாத்தி ஏறி, கூரைப் புல்லைக் கட்டுக்கட்டாகப் பிடுங்கிக் கீழே போட்டாள். செம்பன் தலையில் கைவைத்துக்கொண்டான். ஆனால் கீழே விழுந்ததை எடுத்து மரத்தைச் சுற்றிக் கட்டவும் செய்தான். பாதிக் கூரை போயிற்று. அடிமரத்திலிருந்து முதல் கிளை பிரியும் இடம் வரைதான் புல் வந்தது. வீட்டில் இருந்த ஒரே கம்பளியையும் சுற்றியாயிற்று. சூரியன் மலை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிளை நுனிகளில் பன்னிரண்டு பிஞ்சுகளும் வெட்டவெளியில் ஆடிக்கொண்டிருந்தன.

"என் கை அங்கே எட்டாது" என்றாள் வெள்ளாயி பலாவிடம். "எட்டினாலும் சுத்தறதுக்கு ஒண்ணும் இல்லை. பிள்ளைகளை உள்ளே கூப்பிடு. மரத்தோட ஒட்டிக்கட்டும். புல்லுக்குள்ள மூடிடலாம்."

பலா மெதுவாகக் கூப்பிட்டது. "கண்ணுங்களா, இங்கே வாங்களேன்."

"எதுக்கு?" என்றது ஒரு பிஞ்சு. "இங்கேருந்து ஓடை தெரியுது."

"உள்ளே இருட்டா இருக்கும்" என்றது இன்னொன்று.

"நடுமரத்துல போய் ஒட்டிக்கிட்டா ஊரே சிரிக்கும். மரத்துக்குக் கட்டி வந்திருக்குன்னு சொல்லுவாங்க" என்றது மூன்றாவது. பன்னிரண்டும் சிரித்து ஆடின.

பலா வெள்ளாயியைப் பார்த்தது. "வரமாட்டேங்குதுங்களே."

அப்போது வேலியோரம் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. நல்லாயி வந்துகொண்டிருந்தாள், தோளில் தன்னுடைய கம்பளியோடு.

"என்ன பார்க்கறே?" என்றாள் வெள்ளாயியிடம். "உன் மரத்துக்காக நான் வரலை. நீ தோத்துத் திரும்பி வந்தா அடுப்புக்கிட்ட எனக்கு இருக்கிற இடத்துல பாதி போயிடும். அதான்." கம்பளியைக் கீழே போட்டுவிட்டுப் பலாவின் முன் இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏ பலா, இதா பிள்ளை வளர்க்கற லட்சணம்? என் மாமரமும் உன்னை மாதிரிதான், கண்ணு, செல்லம்னு பூவையெல்லாம் வெளியே விட்டுட்டு நின்னுச்சு. மறுநாள் காலையில நான் கூட்டி அள்ளினேன். ரெண்டு கூடை. கேட்டுக்கோ, ரெண்டு கூடை."

பிறந்ததிலிருந்து முதல் முறையாகப் பலா தன் பிஞ்சுகளை அதட்டியது.

"உள்ளே வாங்க!"

அதட்டியதோடு விடவில்லை. காம்புகளைப் பிடித்து இழுத்தது. நுனிகளிலிருந்து பிய்த்துக்கொண்டு பிஞ்சுகள் கிளை வழியே சறுக்கி வந்தன. பிய்ந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பால் கசிந்தது. வந்து சேர்ந்த பிஞ்சுகளை அந்தப் பாலே பசையாக நின்று நடுமரத்தோடு ஒட்டிப்பிடித்துக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது எல்லாவற்றிலும் சின்னது, அழுதுகொண்டே வந்தது. மற்ற ஏழும் காம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடம் பிடித்தன. இன்னும் இழுத்தால் கிளையே முறிந்துவிடும். அதற்குள் வெளிச்சமும் போய்விட்டது. இரண்டு பெண்களும் ஐந்து பிஞ்சுகளின் மேல் புல்லைப் போர்த்தி, கம்பளியைச் சுற்றி, சேலைக் கிழிசலால் இறுகக் கட்டினார்கள்.

விடிந்தபோது இடைவளவு முழுக்க உப்பு. பள்ளத்தில் பேரி ஒற்றை இலைகூட இல்லாமல் வெள்ளைக் குச்சியாக நின்று, சத்தமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. ஆரஞ்சு இலைகளைச் சுருட்டிக்கொண்டு, "ஒரு நாள் முடிஞ்சுது" என்றது. பலாவின் வெளிக்கிளைகள் கறுத்திருந்தன. நுனியில் இருந்த ஏழு பிஞ்சுகளும் கரித்துண்டுகளாகப் புல்லில் கிடந்தன.

பலா அழுததற்குச் சத்தம் இல்லை. வெள்ளாயி அந்த ஏழையும் பொறுக்கி அதன் வேரடியிலேயே மண்ணுக்குள் வைத்தாள்.

மறுநாளும் பனி விழுந்தது. மூன்றாம் நாள் வெயில் பாறையைச் சூடாக்கிய பிறகுதான் கட்டை அவிழ்த்தாள். நடுமரத்தில் ஐந்தும் ஒட்டிக்கொண்டிருந்தன. உயிரோடு, பச்சையாக. ஆனால் கையை வைத்ததும் அவளுக்குச் சிரிப்பும் இரக்கமும் சேர்ந்து வந்தன. குளிரில் உள்ளே ஒடுங்கிக்கிடந்த பிஞ்சுகளின் தோல் முழுக்கப் புல்லரித்துப் போயிருந்தது. கடுகு கடுகாக, இண்டு இடுக்கு விடாமல்.

"சரியாயிடும், வெயில் பட்டா அடங்கிடும்" என்று தடவிக் கொடுத்தாள். அடங்கவில்லை.

செம்பன் அரிவாளோடு வந்து கருகிய கிளைகளைக் கழிக்கப் பார்த்தான். வெள்ளாயி விடவில்லை. "கறுத்ததெல்லாம் செத்ததுன்னு எப்படித் தெரியும்? சித்திரை வரட்டும். எது உயிரோட இருக்குன்னு மரமே தளிர் விட்டுக் காட்டும்." சித்திரையில் பாதிக் கிளைகள் தளிர்விட்டன. தளிர்விடாததை மட்டும் அவன் வெட்டினான். பேரி எழுந்தது அதற்கும் முன்பே, மாசியில். "இப்படி ஒரு தூக்கம் தூங்கி மூணு வருஷம் ஆச்சு" என்று சோம்பல் முறித்துவிட்டு உடம்பெல்லாம் வெள்ளைப் பூவாகப் பூத்தது. ஆனியிலேயே நாற்பது வீட்டுக்கும் பேரிக்காய் போயிற்று. இரண்டு மரம் முடிந்தது.

மிச்சம் பலா. ஐந்தில் சின்னது வைகாசிக் காற்றில் உதிர்ந்துவிட்டது. மற்ற நான்கும் பெருத்தன. பெருக்கப் பெருக்கத் தோலின் புல்லரிப்பும் கூடவே பெருத்து, முள்முள்ளாக நின்றது. ஆடி கடைசி வாரம் ஊர் மூப்பன் நாலு பேரோடு பார்க்க வந்தார். மரத்தடியில் நின்று மீசையைத் தடவினார்.

"என்னம்மா இது? முள்ளம்பன்றியைப் பிடிச்சு மரத்துல கட்டி வெச்சிருக்கீங்களா?"

"பழம், மூப்பா" என்றாள் வெள்ளாயி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பழம்னா கிளை நுனியில தொங்கணும். இது நடுமரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. மரத்துக்கு ஏதோ நோவு வந்து கட்டி புறப்பட்டிருக்கு. ஊருக்கு இதைக் கொடுக்க நான் ஒத்துக்க மாட்டேன். கொடுத்ததுல ரெண்டு மரம்தான் சேர்த்தி."

செம்பன் தலை குனிந்தான். ஆடி முடிய மூன்று நாள். வெள்ளாயிக்குக் கதவோரப் படுக்கையும் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் அடுப்பும் கண்முன் வந்து நின்றன. மூப்பன் முன்னால் பேச அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

பலாதான் பேசியது. "ஒண்ணை வெட்டிப் பாருங்க" என்றது. "வெட்டாம எப்படித் தெரியும்? கொட்டையை மட்டும் எறியாம மண்ணுல போடுங்க, போதும்."

வெள்ளாயி அரிவாளை எடுத்தாள். வெட்டு நேராக விழுந்தது. பழம் இரண்டாகப் பிளந்ததும் வாசனை கிளம்பியது. வேலியைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, ஊருக்குள் நுழைந்தது. கூட்டு வீட்டு அடுப்படியில் இருந்த நல்லாயிகூட ஓடி வந்தாள். உள்ளே மஞ்சள் மஞ்சளாகச் சுளைகள், ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

மூப்பன் ஒரு சுளையை ஐயத்தோடு வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொன்றை அவரே கைவிட்டு எடுத்தார். மூன்றாவதற்குச் சுளையைச் சுற்றியிருந்த சடைநாருக்குள் விரலை நுழைத்துத் தோண்டினார். பிறகு தீர்ப்புச் சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தார். திறக்க வரவில்லை. பலாப்பால் மேல் உதட்டையும் கீழ் உதட்டையும் மீசையோடு சேர்த்து ஒட்டிவிட்டிருந்தது.

"என்ன மூப்பா, இது நோவா பழமா? சொல்லுங்க" என்றாள் நல்லாயி. "நோவுன்னா தலையை ஆட்டாதீங்க. பழம்னா ஆட்டுங்க."

மூப்பன் அவளை முறைத்தார். அடுத்த சுளையைப் பார்த்தார். தலையை ஆட்டினார், பலமாக. கூட்டம் வெடித்துச் சிரித்தது. நல்லாயி விளக்கெண்ணெய் கொண்டுவந்து மீசையைத் தேய்த்துவிட்ட பிறகுதான் அவரால் பேச முடிந்தது. அவர் சொன்ன முதல் வார்த்தை, "இன்னொண்ணு கொடு."

நான்கு பழம், நாற்பது வீடு. எந்த வீடும் விடுபடவில்லை. ஊரார் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வரிசையில் வந்தார்கள். நல்லாயி தன் வீட்டுப் பங்குக்கு மேல் பதினொரு சுளை சாப்பிட்டாள். அன்று மாலையே செம்பன் மூன்று கல் கொண்டுவந்து வைத்தான். வெள்ளாயி அடுப்பு மூட்டி, தனக்குப் பிடித்த அளவில் புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். புளி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. செம்பன் இலையை வழித்துச் சாப்பிட்டான்.

அடுத்த வருஷம் மார்கழி இதமாக இருந்தது. பலா மறுபடி பிஞ்சு விட்டது, எல்லாம் நடுமரத்திலும் தடித்த கிளைகளின் அடியிலும்.

"இந்த வருஷம் பனி இல்லையே" என்றாள் வெள்ளாயி. "பிள்ளைகளை நுனிக்கு அனுப்பேன். ஓடை பார்க்கட்டும்."

"எந்த வருஷம் வரும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டது பலா.

வெள்ளாயிக்குத் தெரியாது.

அந்த நான்கு பழங்களின் கொட்டைகள் நாற்பது வீட்டுக் கொல்லையிலும் முளைத்தன. அங்கிருந்து மலை இறங்கி நாடெங்கும் போயின. தாய் சொல்லிக் கொடுத்ததை ஒரு கன்றும் மறக்கவில்லை. அந்த மார்கழிக்குப் பிறகுதான், பனி என்றால் என்னவென்றே அறியாத ஊர்களில்கூடப் பலா தன் பிள்ளைகளை நுனிக்கு அனுப்பாமல் மார்போடு அணைத்து வைத்திருக்கிறது. எத்தனை கோடை வெயில் பட்டும், பழத்தின் தோலில் அந்தப் புல்லரிப்பு இன்றுவரை அடங்கவில்லை.